அளவுகோல்: முதியவர்

பேக்கரிக்காரருக்குத் தேவைப்பட்டது ஒரு கக்கூஸ். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு இந்த விவகாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள், மேடையில் பேசியவர்கள், கைதட்டல் வாங்கியவர்கள் எவருமே அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை.

தரைத்தளத்தில் கடை. அதற்குப் பின்னால் அடுப்பறை, அதற்கும் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கிய அறை, கடைசியில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு கொல்லை. குடித்தனம் மாடியில். கழிப்பறையும் மாடியில்தான். அப்பா இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும்வரை அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. வாழ்நாளெல்லாம் சரக்கு லாரி ஓட்டி, ஒரு கீறல்கூட வாங்காத பெரியவர், மகன் கடை வாசலில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. படி ஏறும் தெம்பு மட்டும் திரும்பவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவே அவருக்குக் கட்டில் போட்டார்கள். படுக்கையோரம் ஒரு பாத்திரம் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் மாடிக்குப் போகவேண்டிய ஒவ்வொரு தடவையும் மகன் முதுகைக் காட்டிக் குனிவார். அப்பா தொற்றிக்கொள்வார்.

"லாரியில லோடு ஏத்துற மாதிரிதான்டா இருக்கு. ஒரே வித்தியாசம், இங்க லோடுக்குத்தான் அவசரம்," என்பார் படியேறும்போது.

எனவே கொல்லையில் ஒரு கழிப்பறை கட்டுவதென்று முடிவாயிற்று. மேஸ்திரி வந்து தொட்டிக்குக் குழி வெட்டினார். மேல்மண் போய், சுக்கான்கல் போய், மஞ்சள் மணற்கல் வந்தது. கடப்பாரையால் அதைப் பெயர்த்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் தனியே கழன்று உருண்டது. நத்தைக்கூடு மாதிரி சுருண்டு சுருண்டு, விளிம்பில் வரிவரியாக. தன் கடைச் சுருள் பன் ஒன்று எப்படியோ உள்ளே விழுந்து காய்ந்துவிட்டது என்றே பேக்கரிக்காரர் முதலில் நினைத்தார். தட்டிப் பார்த்துவிட்டுக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க உதவியது.

மறுநாள் ரொட்டி வாங்க வந்த அறிவியல் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ரொட்டியை மறந்தார்.

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அம்மோனைட்! கடல்ல வாழ்ந்த பிராணி, கல்லா மாறியிருக்கு. இந்த இடமே ஒரு காலத்துல கடலுங்க!"

"அப்படியா?" என்று பேக்கரிக்காரர் கவலைப்பட்டார். "எங்ககிட்ட நல்ல மேடான இடம்னு சொல்லித்தானே வித்தாங்க?"

வாத்தியார் தங்கமான மனிதர். அவர் செய்த ஒரே தப்பு, சந்தோஷம் தாங்காமல் நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொன்னது.

துறை ஜீப்பில் வந்தது. வெயிலிலும் நிழலிலும் கழற்றாத அகலமான தொப்பி போட்ட ஓர் உதவி ஆய்வாளர் இறங்கினார். குழியை எட்டிப் பார்த்தார். மேஸ்திரியின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி ஓரமாகச் சாய்த்தார். சிவப்பு நாடாவை எடுத்துக் குழியைச் சுற்றிக் கட்டினார்.

"இந்த நிமிஷத்துல இருந்து இது குழி இல்ல. தலம். தொல்லுயிர்ப் படிவத் தலம். யாரும் தொடக்கூடாது."

"சார், அது எங்கப்பாவுக்கு..." என்று பேக்கரிக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

தொப்பிக்காரர் பரிவோடு அவர் தோளில் கை வைத்தார். "இந்தப் பிராணி பத்து கோடி வருஷமா இங்க காத்துக்கிட்டு இருந்திருக்கு. உங்கப்பா கொஞ்ச நாள் காத்திருக்க மாட்டாரா?"

மாவு அறைக்குள்ளிருந்து பெரியவரின் குரல் வந்தது. "அதுக்கு முட்டலை சார், காத்திருந்துச்சு."

தொப்பிக்காரருக்கு அது காதில் விழவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் வட்டார நிலவியல் வரைபடத்தை விரித்திருந்தார். எந்த மண்ணுக்கடியில் என்ன அடுக்கு, அதற்குக் கீழே என்ன அடுக்கு என்று வண்ணம் வண்ணமாகக் காட்டும் பெரிய படம். பேக்கரி இருந்த கரை முழுக்க மஞ்சள். ஆற்றின் நடுவில் கோடு போட்டு, அதற்கப்பால் பச்சை. மஞ்சளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் தொப்பியைக் கழற்றினார். கழற்றியதை அவருடைய டிரைவரே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம்.

'மஞ்சள்: உயிர்ப்படிவம் அற்ற அடுக்கு' என்றிருந்தது.

இதை வெறும் அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த அடுக்கில் உயிர்ப்படிவமே கிடையாது என்று கண்டுபிடித்தவர் இப்போதைய இயக்குநர். அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் அவருக்கு டாக்டர் பட்டம். டாக்டர் பட்டத்தால்தான் இயக்குநர் நாற்காலி. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து அவ்வளவு உயரம் போனவர் துறையில் வேறு யாருமில்லை.

தொப்பிக்காரர் விசாரணையை ஆரம்பித்தார். "உண்மையைச் சொல்லுங்க. இந்தக் கல் மாவு மூட்டையோட வந்திருக்கலாமா?"

"மாவுல வண்டு வரும் சார். இந்த சைஸுல எதுவும் வந்ததில்ல."

"உங்க வீட்டுல யாராவது கடற்கரைக்குப் போயிட்டு வந்தாங்களா?"

"இவரு என்னைக் கடைத்தெருவுக்கே கூட்டிட்டுப் போனதில்ல," என்றார் பேக்கரிக்காரரின் மனைவி, கணவனைப் பார்த்தபடி. விசாரணை அந்தத் திசையில் தொடராமல் நின்றது.

அடுத்த வாரம் இயக்குநரே வந்தார். அவர் குழியைப் பார்க்கவில்லை. கடைக்குள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, கேக் சாப்பிட்டபடி உரையாற்றினார்.

"நிலம் பொய் சொல்லாதுன்னு சொல்வாங்க. என் அனுபவத்துல நிலத்தை மாதிரி பொய் சொல்ற பொருளே கிடையாது. அதனாலதான் அதை மேற்பார்வை பண்ண ஒரு துறை வேண்டியிருக்கு. நான் இளைஞனா இருந்தப்ப இந்த வட்டாரத்தை அங்குலம் அங்குலமா நடந்து அளந்தவன்."

"இந்தக் கொல்லைக்கும் வந்தீங்களா சார்?" என்று வாத்தியார் ஆவலோடு கேட்டார்.

"ஜீப்புலதான் நடந்தேன். பயிற்சி இருந்தா ரோட்டுல இருந்தே அடுக்கு தெரியும்."

இயக்குநர் இரண்டு குழுக்களை அமைத்தார். ஒன்று கல்லை ஆராயும். இன்னொன்று அடுக்கை ஆராயும். ஒரு குழுவின் முடிவு மற்றதைப் பாதித்துவிடக் கூடாது என்பதால், கல் குழு குழிக்குள் இறங்கக் கூடாது, அடுக்குக் குழு கல்லைப் பார்க்கக் கூடாது. கல் குழு கடைக்குள் உட்கார்ந்து பன் சாப்பிட்டது. அடுக்குக் குழு கொல்லையில் உட்கார்ந்து ரஸ்க் சாப்பிட்டது. அறிவியலின் நன்மைக்காக இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் டீ குடித்தன.

கல் குழு சீக்கிரமே ஒரு மகிழ்ச்சியான முடிவுக்கு வந்தது. இந்தப் பிராணி உலகில் வேறெங்கும் கிடைக்காத புது இனம். புது இனம் என்றால் புதுப் பெயர் வேண்டும். இயக்குநரின் பெயரையே வைப்பதென்று தீர்மானமாயிற்று.

"எனக்கு இதுல கொஞ்சமும் விருப்பமில்ல," என்றார் இயக்குநர், கண்கள் பனிக்க. "ஆனா குழு வற்புறுத்துது. குழுவோட தலைவர் நான்தான். தலைவர் பேச்சை என்னால தட்ட முடியாது."

ஆக, நிலைமை இப்படி ஆயிற்று: இயக்குநரின் பெயரைத் தாங்கிய பிராணி இருந்தே ஆகவேண்டும். இயக்குநர் கண்டுபிடித்த அடுக்கில் எந்தப் பிராணியும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒத்துப்போகும்வரை குழியை மூட முடியாது, கட்டவும் முடியாது என்று தொப்பிக்காரர் பேக்கரிக்காரருக்கு விளக்கினார். பேக்கரிக்காரர் தலையாட்டினார். அவருக்கு முதுகு வலித்தது.

தலம் பிரபலமாயிற்று. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். நாடாவுக்கு உள்ளே போக அனுமதி பெற்றவர்கள் எல்லோரிடமும் சுத்தியல் இருந்தது. பாதுகாப்பின் பொருட்டு ஆளுக்கொரு கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்காலம் வருவதற்குள் குழியில் மஞ்சள் பாறையைத் தவிர மருந்துக்குக்கூட ஒரு சுருள் இல்லை. இப்போது அந்த அடுக்கு உண்மையிலேயே உயிர்ப்படிவம் அற்றதாக இருந்தது. அடுக்குக் குழு இதைக் குறித்துக்கொண்டு இயக்குநரைப் பாராட்டியது.

ஒருநாள் பேக்கரிக்காரர் அப்பாவை நாற்காலியில் வைத்துக் கொல்லை வெயிலில் விட்டிருந்தார். தொப்பிக்காரர் ஆராய்ச்சி இதழுக்காகக் குழியைப் படமெடுக்க வந்தார். இந்த மாதிரிப் படங்களில் பாறை எவ்வளவு பெரியது என்று தெரிய, பக்கத்தில் ஒரு சுத்தியலையோ பேனாவையோ வைப்பது வழக்கம். சுத்தியல் ஜீப்பில் இருந்தது. ஜீப் சாப்பிடப் போயிருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் குழி ஓரமா வர்றீங்களா? சிரிக்க வேண்டாம். அசையாம இருந்தா போதும்."

"எதுக்கு?"

"அளவுக்காக."

படம் அச்சாகி வந்தபோது அடியில் இருந்த வரியை வாத்தியார்தான் படித்துக் காட்டினார். 'மஞ்சள் மணற்கல் அடுக்கு. அளவுகோல்: முதியவர்.'

பெரியவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைசென்ஸுல என் பேரைத் தப்பாப் போட்டான். ரேஷன் கார்டுல வயசைத் தப்பாப் போட்டான். இவனுங்கதான் ஒண்ணையும் தப்பாப் போடல. ஒண்ணையும் போடலையே," என்று சொல்லிவிட்டு இதழை மடித்து மகனிடம் கொடுத்தார்.

சில நாள் கழித்து மனைவி பேக்கரிக்காரரை அடுப்பறை மூலைக்குக் கூப்பிட்டார்.

"மாமா காலையில இருந்து டீயைத் தொடலைங்க. நேத்தும் அப்படித்தான். தண்ணியும் குடிக்கிறதில்ல. ரொட்டியைத் தலகாணிக்கு அடியில வச்சிருக்காரு."

பேக்கரிக்காரர் மாவுக்கையோடு உள்ளே போனார். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"சாப்பிட்டா போகணும். போகணும்னா நீ தூக்கணும். நீ மாவு பிசையும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதை நான் இங்கிருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்?"

அன்று சாயங்காலமே பெரியவருக்குக் காய்ச்சல் கண்டது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீர்ப்பையில் கிருமி தொற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மகனைப் பார்த்து, "கூட இருக்கிறவங்க இதெல்லாம் கவனிக்கிறதில்லையா?" என்றும் கேட்டார். ஊசி போட்டு அப்பா தூங்கியதும், பேக்கரிக்காரர் இருந்ததில் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார்.

துறை அலுவலகம் கல்லால் நிறைந்திருந்தது. அலமாரியில் கல், மேசைக்கடியில் கல், மாடிப்படியில் கல். இயக்குநர் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம், சுருள் சுருளாக, விளிம்பில் வரிவரியாக. பேக்கரிக்காரர் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

"உங்கப்பாவா? அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. நம்ம கட்டுரையில வந்த அளவுகோல்லயே அவர்தான் சிறந்தவர்," என்றார் இயக்குநர்.

"அவருக்கு உடம்பு சரியில்ல சார். குழியை விட்டுத் தள்ளி ஒரு ஓரமாவாவது கட்டிக்கிறோம்."

"நீங்க காலத்தைப் புரிஞ்சுக்கணும். கழிப்பறைங்கிறது நேத்து வந்த சமாச்சாரம். நிலவியல் கண்ணோட்டத்துல பாத்தா, மனுஷன் இன்னும் வந்து உட்காரவே இல்ல."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். உட்கார இடமில்ல."

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நல்ல செய்தி இருந்ததால் அதைச் சொன்னார். தலத்தின் முக்கியத்துவத்தைக் கருதி, பேக்கரிக்காரரின் கொல்லையிலேயே ஒரு கள ஆய்வு நிலையம் கட்ட மேலிடம் ஒப்புதல் அளித்துவிட்டது. ஓர் அறை. அதிகாரிகள் வந்தால் களைப்பாற ஒரு சோபா. பக்கத்திலேயே ஒரு கழிப்பறை.

பேக்கரிக்காரர் மேசையை ஒட்டி நகர்ந்தார். "அதுல எங்கப்பா போகலாமா சார்?"

"அது துறையைச் சேர்ந்தவங்களுக்கு," என்றார் இயக்குநர்.

பொக்லைன் வந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம், பழைய குழியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், நிலையத்தின் செப்டிக் டேங்குக்குத் தோண்டினார்கள். ஒரே அடுக்கு, ஒரே மஞ்சள் கல். பொக்லைன் ஒவ்வொரு தடவை கை நீட்டும்போதும் சுருள் சுருளாக வந்து விழுந்தது. சின்னது, பெரியது, தட்டு அளவு, ஒன்று லாரிச் சக்கரத்தில் பாதி இருக்கும். உடைந்ததைக் காண்டிராக்டரின் ஆட்கள் அள்ளிக் கான்கிரீட் கலவையில் போட்டார்கள்.

பேக்கரிக்காரர் ஓடிப்போய்த் தொப்பிக்காரரின் கையைப் பிடித்தார். "சார், சார்! நிறைய வருது சார்! வந்து நிறுத்துங்க!"

தொப்பிக்காரர் பதறவில்லை. "நாடாவுக்கு உள்ளயா, வெளியவா?"

"வெளிய."

"அப்ப அது ஜல்லி."

பேக்கரிக்காரர் கலவை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் தனக்குப் புரியாத ஏதோ பெரிய விஷயம் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். படித்தவர்கள், ஜீப்பில் வருபவர்கள், அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும் என்றிருந்தார். கலவை இயந்திரத்துக்குள் அந்தச் சுருள்கள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கக் கேட்க, அந்த நம்பிக்கையும் அதோடு சேர்ந்து அரைபட்டது. வீட்டுக்குள் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னார். காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திறப்பு விழா என்றைக்கு என்று மட்டும் விசாரித்தார்.

விழாவன்று கொல்லையில் பந்தல். இயக்குநர் வாசல் கதவின் ரிப்பனை வெட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார். வெயில் கடுமையாக இருந்ததால் பேச்சுக்கு நடுநடுவே சோடா வாங்கிக் குடித்தார்.

"இந்த மண்ணுக்கடியில உறங்குற ஒவ்வொரு உயிரையும் நாங்க கண்ணிமை போலக் காக்குறோம்," என்றார். கூட்டம் கைதட்டியது. "என் பேரைத் தாங்குன பிராணி, அது வாழ்ந்த காலத்துல தன்னடக்கத்தோட வாழ்ந்திருக்கும்னு நான் நிச்சயமா நம்புறேன்." கூட்டம் மறுபடி கைதட்டியது. "மஞ்சள் அடுக்கு பத்தி நான் எழுதுனதுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டியதில்ல. குழுவோட இறுதி முடிவுப்படி, இந்தப் பிராணி கிடைச்ச இடம் பச்சை அடுக்கு."

"இது மஞ்சள்ல இருக்குதே சார்?" என்று வாத்தியார் எழுந்தார்.

"இடம்தான் மஞ்சள்ல இருக்கு. தலம் பச்சையில இருக்கு. புது வரைபடத்துல தலத்தைப் பச்சைக்கு மாத்திட்டோம்."

முன்வரிசையில் நாற்காலியில் இருந்த பெரியவர் மகனின் சட்டையை இழுத்தார். "டேய், குனி."

பேக்கரிக்காரர் குனிந்தார். அப்பா தொற்றிக்கொண்டார். வழக்கமான கால் பழக்கத்தில் மாடிப்படிப் பக்கம் திரும்பியவரின் தோளைப் பெரியவர் லாரி ஸ்டியரிங் மாதிரி வலப்பக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் புதுக் கழிப்பறையின் கதவு திறந்திருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மகன் அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

தொப்பிக்காரர் ஓடி வந்தார். "என்ன பண்றீங்க? அது துறையோடது! அவரை வெளிய வரச் சொல்லுங்க!"

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் பேக்கரிக்காரர். 'சார்' என்று சேர்க்க மறந்துபோயிருந்தார். கதவுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதுகு நேராக இருந்தது.

இயக்குநர் பேச்சை அவசரமாக முடித்தார். குடித்த சோடாவெல்லாம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடியே கதவருகே வந்து, விரலால் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளே.

"நான் இயக்குநர்."

"நான் அளவுகோல்."

இயக்குநர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தட்டினார். தாழ்ப்பாள் அசையவில்லை. கடைசியில் பேக்கரிக்காரரின் மனைவிதான் இரக்கப்பட்டு, "மாடியில ஒண்ணு இருக்கு சார். படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறுங்க," என்றார். ஒலிபெருக்கியில் நன்றியுரை நடந்துகொண்டிருக்க, வட்டாரத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முழங்காலை இறுக்கியபடி, படி படியாக ஏறினார். அவரைத் தூக்க அங்கே மகன் யாரும் இல்லை.

அன்றே கழிப்பறைக்குப் பூட்டுப் போடும்படி இயக்குநர் உத்தரவிட்டார். பூட்டு வந்தது. சாவி யாராவது ஒருவரிடம் இருந்தாக வேண்டும். துறையில் சாவி வைத்திருக்கும் பதவி எதுவும் இல்லை. மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், பதில் வரும்வரை கடையில் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுத் தொப்பிக்காரர் பன் பொட்டலத்தோடு ஜீப்பில் ஏறினார். மேலிடம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் டீ குடிக்கிறார், ரெண்டாவது டம்ளரும் கேட்கிறார். பேக்கரிக்காரரின் இடுப்பு பரவாயில்லை.

புது வரைபடம் அச்சாகி வந்தது. தலத்தைக் குறிக்கும் சிவப்புப் புள்ளியைப் பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஆனால் பச்சைக்குள், வைத்திருந்தார்கள். பச்சை தொடங்குவது ஆற்றின் நடுவில். எனவே இப்போது படத்தைப் பார்த்து வருகிறவர்கள் பேக்கரிப் பக்கம் திரும்புவதில்லை. நேரே ஆற்றங்கரைக்குப் போய், படத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

போன வாரம் தூரத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியையும் அவர் கணவரும் வந்தார்கள். முழங்கால்வரை ஈரம். கொல்லையில் துறையின் பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது.

"இங்க துறையில இருந்து யாராவது இருக்காங்களா?" என்று பேராசிரியை கேட்டார்.

பேக்கரிக்காரர் கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்த கழிப்பறைக் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

"உள்ள இருக்காருங்க."

"எப்ப வெளிய வருவாரு?"

"அவரை அவசரப்படுத்த முடியாதுங்க."

பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். "ரொம்பப் பெரியவரா?"

"எங்க வீட்டுக்கே பெரியவருங்க," என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்கார இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார் பேக்கரிக்காரர்.